ஊசிச் சத்தம்

கெட்டிலின் மூடியைத் தூக்கி, சுண்டுவிரல் நுனி அளவுள்ள சென்சாரைக் கொதிக்கும் காப்பிக்குள் இறக்குகிறாள் ரவ்னா. வயரைத் தூண்டில் நூல்போலப் பிடித்துக்கொண்டு, பனிவண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறாள். நாலு நொடி, ஐந்து நொடி. வண்டியின் முன்கண்ணாடி விளிம்பில் நகத்தளவு விளக்கு ஒன்று சிவப்பாக எரிகிறது. கைப்பிடிக்குக் கீழே பஸ்ஸர் கிறீச்சிடுகிறது. “கேக்குதா?” என்கிறாள். உட்கார்ந்திருப்பவர் தலையாட்டுகிறார். சென்சாரை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, அதே காப்பியை ஒரு குவளையில் ஊற்றி அவரிடம் நீட்டுகிறாள். இதுவரை யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை.

வயது ஐம்பத்தொன்று. குள்ளமான உடம்பு. முழங்கால் வலிக்காமலிருக்கக் கொட்டகைத் தரையில் கலைமான் தோல் விரித்திருக்கிறாள். அதில் எண்ணெய் சிந்திச் சிந்தி முடி ஒட்டிப்போய்விட்டது. வடதுருவப் பக்கத்து ஊரான கௌட்டோகெய்னோவின் பள்ளிக்கூடக் கொதிகலனைப் பன்னிரண்டு வருடம் பார்த்துக்கொண்டவள். சூடு ஏறினால் கொதிகலன் சொல்லிவிடும், நாற்பது கலைமானுக்குப் பின்னால் தனியாகப் போகிறவனின் எஞ்சின் ஏன் சொல்லக் கூடாது என்பது அவள் கணக்கு.

“வண்டியிலயே ஒரு லைட் இருக்கே” என்று சிலர் கேட்பார்கள்.

“இருக்கு. உன் தொப்புளுக்கு நேரா இருக்கு. நீ மானப் பாப்பியா, தொப்புளப் பாப்பியா?”

அதனால்தான் அவள் விளக்கைக் கண்மட்டத்துக்குத் தூக்கி வைக்கிறாள். சூரியன் எழாத மாதங்களுக்கு அந்த விளக்கு போதும். வசந்தத்தில் பனி மேல் வெயில் அடித்தால் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். அப்போது சிவப்பும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் பஸ்ஸர். கடையில் கிடைப்பதிலேயே மிகக் கூர்மையான சத்தமுள்ளதைத் தேடி எடுத்தாள். “எஞ்சின் சத்தம் தடியா இருக்கும். அதுக்குள்ள பூந்து வெளிய வரணும்னா ஊசி மாதிரி இருக்கணும்” என்பாள். கொட்டகையில் அது அலறும்போது வெளியே கட்டியிருக்கும் நாய் ஊளையிடும்.

அவளுக்குச் சில பழக்கங்கள் உண்டு. சாப்பிடும்போது சாலையில் ஒரு பனிவண்டி போனால் கரண்டி வாய்க்கு வழியிலேயே நின்றுவிடும். சத்தம் குன்றுக்கு அந்தப்பக்கம் போய்க் கரையும்வரை அது கீழே இறங்காது. “பிஸ்டன்ல தட்டுது” என்பாள், அல்லது எதுவும் சொல்லாமல் சாப்பிடுவாள். குளிர்காலம் முழுக்க படுக்கையறை ஜன்னலை இரண்டு விரல் இடைவெளிக்குத் திறந்தே வைத்திருப்பாள். கொட்டகைக்குள் யாராவது “ஒண்ணும் ஆகாது” என்று சொன்னால் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள். சொன்னவர் வேறு ஏதாவது பேசும்வரை திரும்ப எடுக்கமாட்டாள். கிளம்புகிறவர்களிடம் போய்வா என்று சொல்வதில்லை. “சிவப்பு எரிஞ்சா நிறுத்து. நிறுத்திட்டு அப்புறமா யோசி” என்பாள். எல்லோரும் அதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

மூன்று வசந்தத்துக்கு முன்பு அவள் கணவன் மிக்கலின் எஞ்சின் உறைந்துகிடந்த பெரிய ஏரியின் நடுவில் சூடேறி இறுகிப்போனது. அன்றும் வண்டியின் விளக்கு எரிந்திருக்கும், தொப்புளுக்கு நேராக. மிக்கல் உட்கார்ந்து காத்திருக்கிற ஆள் இல்லை. காற்றில் பதினோரு மணி நேரம் நடந்தான். இடதுகால் விரல்கள் மூன்றை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். இன்னொரு தடவை உறைந்தால் பாதமே போகும் என்றார் மருத்துவர். இவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் பள்ளிக்கூட வேலையை விட்டாள்.

அதன்பின் இரண்டு வருடத்தில் முப்பத்துநாலு வண்டிகளுக்கு மாட்டினாள். முதலாவது மிக்கலுடையது.

போன ஏப்ரலில் ஒரு நண்பகல். மந்தை கடற்கரை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. மிக்கல் வெளியே சறுக்குப்பலகை வண்டியில் தீவன மூட்டைகளைக் கட்டி, பனிவண்டியைப் பின்னுக்கு எடுத்து அதை மாட்டிக்கொண்டிருந்தான். ரவ்னா கெட்டிலோடு வந்து நின்றாள்.

“நேத்துதான பாத்த” என்றான்.

“இன்னிக்கும் பாக்குறேன்.”

சென்சாரைக் கழற்றி முக்கினாள். விளக்கு எரிந்தது. “கேக்குதா?”

“கேக்குது, கேக்குது. ஊருக்கே கேக்குது.”

மாட்டிக் கொடுத்தாள். அவன் போனான். பிர்ச் மரங்களுக்குள் சத்தம் தேயும்வரை கெட்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

உள்ளே அவளுடைய அப்பாவின் கடைசித் தம்பி ஹெய்க்கா தன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்துமூன்று. இதெல்லாம் தேவையில்லை என்று இரண்டு வருடம் சொல்லிவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார்.

“உன் பெட்டி கத்தினா சினை மான் எல்லாம் மிரண்டு ஓடும். கன்னு வயித்துலயே நின்னுரும். அப்ப நீ வந்து குட்டி போடு” என்றார்.

“போடுறேன் சித்தப்பா. நீங்க பனியில நடக்காம இருந்தா சரி.”

சிவப்பு விளக்குகள் தீர்ந்துபோயிருந்தன. பார்சல் அடுத்த வாரம்தான் வரும். “இப்போ சத்தத்த மட்டும் மாட்டுறேன். வெளிச்சத்துக்கு அப்புறமா வாங்க” என்றாள். வயர்களைச் சேர்த்து டேப் சுற்றிவிட்டுச் சென்சாரைக் காப்பிக்குள் இறக்கினாள்.

பஸ்ஸர் அலறியது. நாய் ஊளையிட்டது. ரவ்னா தோளைத் தூக்கி ஒரு காதை அடைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தாள்.

ஹெய்க்கா அமைதியாகக் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து, “காப்பி இன்னும் கொதிக்கலயா?” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கெட்டிலைக் கீழே வைத்தாள். அவருடைய தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

“என்ன பண்ற?”

“கேட்டா கையத் தூக்குங்க.”

பஸ்ஸரைக் கழற்றி அவர் பின்தலைக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். அது கத்திக்கொண்டே இருந்தது. அவர் கை மடியிலேயே இருந்தது.

“நான் பேசுறது கேக்குதா?”

“பேசுறது நல்லாக் கேக்குது. நீ எதையாவது பண்ணேன், நானும் எவ்வளவு நேரம் சுவத்தப் பாக்குறது.”

அவரைத் திருப்பி உட்காரவைத்தாள். கையிலிருந்த பஸ்ஸரைக் காட்டினாள். அதன் சவ்வு நடுங்குவது தெரிந்தது. ஹெய்க்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாப்பத்தஞ்சு வருஷம் இந்த எஞ்சின் மேலதான உக்காந்திருக்கேன்” என்றார். பிறகு, “இப்பல்லாம் வசந்தத்துல சின்னக் குருவிங்க கத்துறதே இல்ல. குறைஞ்சு போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

ரவ்னா சென்சாரைக் காப்பியிலிருந்து எடுத்தாள். முப்பத்துநாலு பேரையும் அவள் இதே கொட்டகையில் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறாள். சத்தம் வந்த அதே நொடியில் விளக்கும் எரிந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தலையாட்டியிருக்கிறார்கள். ஐம்பது தாண்டியவர்கள் அதில் எத்தனை பேர் என்று மனம் எண்ணத் தொடங்கியது. முதல் பெயரிலேயே நின்றுவிட்டது.

“மிக்கல் போய் எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அரை மணி இருக்கும். பாரத்தோட போறான், மெதுவாத்தான் போவான்” என்றார் ஹெய்க்கா. “சாயங்காலம் வடமேற்குல காத்து வருதுன்னாங்க. அதுக்குள்ள போய்ச் சேந்துருவான். ஒண்ணும்—” என்று தொடங்கி, அவளைப் பார்த்துவிட்டு, “நானும் வரேன்” என்றார்.

“உங்க வண்டி பிரிச்சுப் போட்டிருக்கு. நீங்க ஃபோன் பக்கத்துல இருங்க.”

குன்றைத் தாண்டினால் ஃபோன் எடுக்காது என்று இருவருக்கும் தெரியும்.

ரவ்னா தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். பிர்ச் காட்டுக்குள் பனி பொடியாக இருந்தது. பயமில்லை. வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டை வாரியடிக்கும் பனித்தூள் எஞ்சினுக்கு அடியில் பட்டு உருகி அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஏரியில்தான் தூள் கிடையாது. காற்று வழித்து எடுத்த வெறும் பனிக்கட்டி. அதற்காக வண்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி உண்டு. இறக்கிவிட்டால் அது பனிக்கட்டியைக் கீறித் தூள் கிளப்பும். வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது கம்பியை மேலே மடக்கி மாட்டவேண்டும், இல்லையென்றால் ஒடியும். மடக்கியவன் திரும்ப இறக்க மறக்கக் கூடாது.

ரவ்னா ஏரிக்கரையில் நிறுத்தி இறங்கினாள். மிக்கலின் தடம் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் பட்டையின் அச்சு, அதன்மேல் சறுக்குப்பலகையின் வழுக்கல். இருபுறமும் ஓடவேண்டிய மெல்லிய கீறல்கள் இல்லை. மண்டியிட்டுக் கையுறையால் துடைத்துப் பார்த்தாள். கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது.

தன் வண்டியின் கம்பிகளை இறக்கிவிட்டு ஓட்டினாள். அந்த இரண்டு கீறல்களும் தனக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பதை அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். வெயில் பனிக்கட்டியிலிருந்து மேல்நோக்கி அடித்தது. இப்போது அங்கே பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும். அவள் தேடி எடுத்த சத்தம். அது இல்லாவிட்டால் அவன் அடிக்கடி கீழே குனிந்து பார்த்திருப்பானோ என்னவோ. அது இருக்கிறது என்ற தைரியத்தில் பார்க்காமல் போகிறான். வடமேற்கில் குன்றுகளின் மேல்விளிம்பு மங்கத் தொடங்கியிருந்தது. எஞ்சின் இறுகினால் அவன் மூட்டைகளையும் வண்டியையும் போட்டுவிட்டு நடப்பான். உட்காரச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. நெருங்கியும் அது நகரவில்லை. நூறு கஜம் இருக்கும்போது அவள் தன் எஞ்சினை அணைத்தாள். ஏரியின் அமைதிக்குள் மிக்கலின் வண்டி சோம்பலாக உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலுக்கு மேலே, விடாமல், அந்த ஊசிச் சத்தம்.

மிச்ச தூரத்தை ஓடினாள். எஞ்சினின் கூலன்ட் திரவம் கொதிக்கும் தித்திப்பான வாடை அடித்தது. மிக்கல் தீவன மூட்டைமேல் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடதுகாலை நீட்டித் தேய்த்துவிட்டபடி, உலர்ந்த கலைமான் இறைச்சியைக் கத்தியால் சீவித் தின்றுகொண்டிருந்தான். குளிரில் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்று இங்கே யாரும் எஞ்சினை அணைப்பதில்லை.

ரவ்னா குனிந்து எஞ்சின் பொத்தானை அழுத்தினாள். உறுமல் நின்றது. சாவியைத் திருப்பினால் பஸ்ஸரும் நின்றுவிடும், அதை அவள் தொடவில்லை. பஸ்ஸர் தனியாகக் கத்தியது.

அப்போதுதான் அவன் திரும்பினான். “எதுக்கு அணைச்ச? நீ எங்க இங்க?” அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தான். “வீட்டுல யாருக்காச்சும் எதாவதா?”

“இல்ல.”

“பின்ன?”

“கேக்குதா?” என்றாள்.

“கேக்குது” என்று தலையாட்டினான், பழக்கத்தில்.

“என்ன கேக்குது?”

மிக்கல் மெல்லுவதை நிறுத்தினான். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவளையும் வண்டியையும் பார்த்தான். தொப்பியின் காதுமடலைத் தூக்கிவிட்டுத் தலையைச் சாய்த்தான். வெகுநேரம் அப்படியே இருந்தான்.

“காத்து” என்றான். “காத்து கிளம்பிருச்சு.”

காற்று இன்னும் வரவில்லை. ரவ்னா கையுறைகளைக் கழற்றிப் பனிமேல் போட்டாள். முன்கண்ணாடி விளிம்பில் சிவப்பாக எரிந்தும் வெயிலில் வெளிறிக் கிடந்த விளக்கைச் சுற்றி இரண்டு உள்ளங்கைகளையும் நெருக்கமாகக் குவித்து, விரல்களை மூடி, உள்ளே கொஞ்சம் இருட்டு உண்டாக்கினாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவன் குனிந்து அதற்குள் பார்க்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.