கிலுகிலுப்பைக்குத் திரும்பிய குழந்தை

சித்தப்பா தன் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கிக் குழாயைத் தூக்கிப் பிடித்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. "ஹலோ, மைக் டெஸ்டிங்!" ஜன்னல் கதவு அதிர்ந்தது. தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தது. திரும்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் தேர் போகும் வீதியில் கீழே நாள் முழுவதும் பாட்டு அலறும் சித்தப்பாவின் சவுண்ட் சர்வீஸ் கடை, மேலே வீடு. நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளர். சாப்பாடு அவர்கள் வீட்டில். தாம்பாளம் தட்டினார்கள், பட்டாசு வெடித்தார்கள். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று முடிவானது. டாக்டரிடம் போக நாள் குறித்தார்கள். சித்தி அதனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். "கேக்காத புள்ளகிட்ட இன்னாத்த பேசறது?" என்பார். குளிப்பாட்டும்போதும் வாய் திறப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மூடிப் பாட்டு ஓய்ந்திருந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்னறையில் குடியிருந்த தாவரவியல் ஆசிரியர் மலையடிவாரத்திலிருந்து ஒரு கிளையுடன் வந்தார். நுனியில் பட்டாணிப் பூப் போன்ற மஞ்சள் பூக்கள், கீழே காய்ந்து உப்பிய காய்கள். கூடத்தைக் கடக்கும்போது காய்கள் மெல்லக் கிலுகிலுத்தன. குழந்தை திரும்பியது.

ஆசிரியர் நின்றார். சத்தமில்லாமல் குழந்தையின் பின்பக்கம் சுற்றிப்போய், மறுபுறம் கிளையை அசைத்தார். குழந்தை அந்தப் பக்கமும் திரும்பிக் கையை நீட்டியது. சித்தியின் சாதக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இது இன்னா செடி சார்?" என்றார் சித்தப்பா.

"கிலுகிலுப்பை. காய் காஞ்சா உள்ள விதை உருளும், அதான் அந்தப் பேரு. வெள்ளைக்காரன் வெச்ச தாவரவியல் பேருக்கும் அதே அர்த்தந்தான். வாயில வெக்க மட்டும் வுட்டுடாதீங்க, விதை விஷம்." பிறகு சிரித்தார். "உங்க குழாய்ப் பக்கத்துலயே வளர்ற புள்ள. பெரிய சத்தமெல்லாம் அதுக்குப் பழகிப்போச்சி."

காதில் குறையில்லை என்று டாக்டரும் பின்னர் சொன்னார். ஆனால் சித்தி அதுவரை காத்திருக்கவில்லை. சோற்றுக் கையோடு குழந்தையை மடியில் இழுத்துப்போட்டுப் பேச ஆரம்பித்தார். பல நாள் பாக்கியை ஒரே மூச்சில் தீர்ப்பதுபோல, பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை.

சாயங்காலம் சித்தப்பா கடையைத் திறந்தார், பாட்டுப் போடவில்லை. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணே, கரண்டு இல்லியா?"

"இருக்குது," என்றார் சித்தப்பா. "மேல பேசிக்கினு இருக்காங்க."