மேல் சீசா, கீழ் சீசா

ஓடைத் தண்ணீரைச் சீசாவில் பிடித்து, மனிதர்கள் அதில் என்னென்ன கலந்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் யுத்த காலத்தில் நான் பார்த்த உத்தியோகம். மேலதிகாரிக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று திருதிருவென்று விழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கறுத்த விரல்

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க, வெள்ளி கரைத்த திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். செங்கல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். உப்பு அதிகமென்றால் திராவகமும் அதிகம் செலவாகும், இவ்வளவுதான் சாஸ்திரம். ஆனால் அது விரலில் பட்டால் கறுப்பு ஏறி, தோல் உரியும்வரை போகாது.

கடத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி காபிக் கிளப்புக்குப் போனேன். கடைக்காரர் என்ன வேலை என்று விசாரித்தார், சொன்னேன். டம்ளரை நீட்டியவர் என் விரலைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தண்ணி சுத்தமான்னு பாக்க வந்தீங்க, சரிங்க. இந்த வெரல வுட்டுத்தான் பாப்பீங்களா?"

கன்றுக்குட்டி சாட்சி

ஓடையோரம் ஒரு தோல் ஷாப்பு. உப்புத் தடவி வரும் தோல்களை ஊறவைத்துக் கழுவி, அந்தத் தண்ணீரை ஓடையிலேயே விடுகிறார்கள் என்று கீழே இருந்த ஊரார் மனு போட்டிருந்தார்கள். ஓடை மணலில் தோண்டிய ஊற்றுதான் அவர்களுக்குக் குடிதண்ணீர், வேறு கதி கிடையாது. ஷாப்புக்கு மேலே ஒரு சீசா, கீழே ஒரு சீசா. கீழே உப்பு அதிகமென்றால் ஷாப்பு கழிவை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மனு தள்ளுபடி.

குப்பம்மா என்கிற பெண், இடுப்பில் குடத்தோடு, ஊற்றைக் காட்டினாள். வாயில் விட்டுப் பார்த்தேன். தண்ணீரின் உப்பா, என் வியர்வையின் உப்பா, புரியவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து அவள் கன்றுக்குட்டியை இழுத்து வந்தாள். அது முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"பாத்துக்கிட்டீங்களா? இது பொய் சொல்லாதுங்க. எழுதிக்குங்க."

தலைகீழ்

மேல் சீசாவை மாரியம்மன் கோயில் துறையில், தண்ணீர் குட்டையாகத் தேங்கும் இடத்தில், கல்லில் சௌகரியமாக உட்கார்ந்து பிடித்தேன். சேலத்துக்கு வந்து சோதித்தால் கீழ்ச் சீசாவில் உப்பு. மேல் சீசாவில் அதைவிட உப்பு! சீட்டை மாற்றி ஒட்டினேனா? திராவகம் கெட்டுவிட்டதா? மறுபடி பஸ், மறுபடி அதே கல், மறுபடி அதே தலைகீழ். கன்றுக்குட்டியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மேலதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கத் தோல் குடுக்கிற ஷாப்பு, ஓடையைச் சுத்தமும் பண்ணுதுன்னு எழுதிடலாமாய்யா?"

வெள்ளிக்கிழமை

கடைசியாக ஒரு தடவை போக அனுமதி கிடைத்தது. போய்ச் சேர்ந்த நாள் வெள்ளிக்கிழமை. துறையில் கீழூர்ப் பெண்கள், ஆளுக்கொரு முறத்தில் உப்பும் மிளகும். நான் உட்காரும் அதே கல்லில் நின்று குப்பம்மா ஓடையில் கொட்டினாள். மரு உதிர இப்படி வேண்டிக்கொள்வது எனக்கும் தெரியும். ஆனால் ஊருக்கே மருவா? கேட்டேன். மனு கொடுத்த நாளிலிருந்து வாராவாரம் கொட்டுகிறார்களாம். இந்த உப்பு கரைகிற மாதிரி அந்த ஷாப்பும் கரைந்து போகவேண்டுமாம்!

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இவர்கள் கேஸை இவர்களே கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சோதித்து முடிக்கும்வரை உப்பை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். பெண்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். குப்பம்மாதான் முடிவு சொன்னாள்.

"நிறுத்தறோங்க. மாரியாத்தா கோவிச்சுக்கிட்டா உங்க வூட்டதான் கைகாட்டுவோம்."

பலித்தது

துறையில் தேங்கிய உப்பு வடிய இரண்டு வெள்ளிக்கிழமை விட்டுப் பிடித்தேன். இந்தத் தடவை மேல் சீசாவில் உப்பு பேருக்குத்தான் இருந்தது, கீழ்ச் சீசா திராவகத்தைக் குடித்துத் தீர்த்தது. கழிவை ஓடையில் விடாமல் தூரத்தில் குழி வெட்டி அதில் விடும்படி ஷாப்புக்கு உத்தரவாயிற்று. மழை பெய்து ஓடை ஒருமுறை அலசிக்கொண்டு போனபின் போனேன். கன்றுக்குட்டி ஊற்றில் வாய் வைத்துக் குடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பம்மாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"மாரியாத்தா கேட்டுட்டாங்க! வர்ற வெள்ளிக்கிழம ஊரே சேந்து ஒரு வண்டி உப்பு கொட்டறோம், நீங்களும் வந்துருங்க."

அந்த ஓடையில் மனிதர் கை பட்டிருக்கிறது என்று எந்தக் கோர்ட்டுக் கச்சேரியிலும் சத்தியம் செய்வேன், எந்தக் கை என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.