புதுச்சாமை தொண்டையில் இறங்கிய நாள்

சாமி முன்னால் உண்ட சோறு என் வாயிலிருந்து திரும்பி வந்தது. இதை எழுத இன்றும் கூசுகிறது. ஆனாலும் நம் பெரியசாமியைக் கும்பிடுகிறவர்களிடம் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை.

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டைச் சேர்ந்தது எங்கள் ஊர். சாமை அறுத்ததும் கார்த்திகையில் சாமிக்குப் படைப்போம். படைத்த சோற்றில் முதல் கவளத்தை வீட்டின் மூத்த மகன் உண்ண வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் புதுத் தானியத்தைத் தொடலாம். எங்கள் வீட்டில் மூத்தவன் நான்.

அந்த ஆண்டு ஆடியிலிருந்தே எனக்கு உணவு சரியாக இறங்கவில்லை. நெஞ்சுக்குள் நின்றுகொள்ளும். எழுந்து நின்று, கழுத்தை நிமிர்த்தி, தண்ணீர் குடித்துத்தான் இறக்குவேன்.

"ஏனுங் மாப்ளே, சோறு திங்கறீங்களா, கொக்காட்டம் மீன் முழுங்கறீங்களா?" என்பான் என் மனைவியின் தம்பி மாணிக்கம். நானும் சேர்ந்து சிரிப்பேன். வாயு என்று நினைத்து மாத்திரை வாங்கினேன். மாத்திரையும் நெஞ்சில் நின்றது.

கார்த்திகை வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமை படையல். ஊரே பார்த்திருக்க, என் முதல் கவளம் திரும்பி வந்தது. கூட்டத்தில் ஒரு குரல், "சாமி ஏத்துக்கல" என்றது.

அப்பா ஆடிப்போனார். பூ வாக்குக் கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம். "குத்தம் தீந்துச்சா சாமி?" என்று கேட்டார் அப்பா. சிவப்பு வந்தது. கிடா வெட்டிவிட்டுக் கேட்டார். மறுபடியும் சிவப்பு.

நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். இருந்தும், சாமி என்னை ஒதுக்கிவிட்டது என்றே நம்பினேன். தையில் கஞ்சியும் இறங்கவில்லை. படுத்தால் உண்டது மேலேறி, இருமலில் தலையணை நனையும். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அந்தக் குளிரில் அப்பாவும் நெஞ்சுச் சளியோடு படுத்தார். சாமைக் கஞ்சி வேண்டும் என்றார். வீட்டில் பழைய சாமை தீர்ந்திருந்தது. மூட்டையில் புதுச்சாமைதான் இருந்தது.

"அதுலயே காய்ச்சட்டுங்களா மாமா?" என்று கேட்டாள் என் மனைவி செல்வி.

"எம்மவன் முழுங்காதத நான் முழுங்குவனா? பக்கத்தூட்ல பழசு இருந்தா வாங்கியா கண்ணு."

அவள் வாங்கி வந்து காய்ச்சினாள். இரண்டு வாய் குடித்தார். மாசி பிறந்ததும் போய்விட்டார். என்னைச் சாமி வெறுத்துவிட்டது என்ற நினைப்போடுதான் போனார். அந்தத் துக்கத்துக்கு எனக்கு மருந்து கிடைக்கவில்லை.

காரியம் முடிந்த பின் செல்வி தனியாகக் கோயிலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் வாசலில் உட்கார்ந்தேன். அழுது முடித்து அவள் கேட்டது என் காதில் விழுந்தது: "சாமி, இவுங்கள நான் கீழ பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

பூசாரி கையில் வெள்ளைப் பூ வந்தது.

அன்றுவரை எங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. குற்றம் தீர்ந்ததா என்று மட்டுமே கேட்டோம். என் உடம்பில் இருந்த குற்றம் தீரவில்லை என்று சாமி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாளே பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு அவள் தோளில் சாய்ந்தபடி இறங்கினேன். சேலத்தில் மருந்து குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே பை போல விரிந்து, அடியில் பறவை அலகு போலக் குறுகியிருந்தது.

"வயித்துக்குப் போற எடத்துல ஒரு தசை வளையம் இருக்குங்க. நாம முழுங்கறப்ப அது தெறக்கணும். உங்களுக்குத் தெறக்கல" என்றார் மருத்துவர்.

"சாமி கோவமுங்களா?" என்றேன்.

"சாமிகிட்ட கோவத்த நீங்க பேசிக்குங்க. கதவ நாங்க தெறந்து விடறோம்."

பல மாதங்களுக்குப் பிறகு செல்வி சிரித்தாள்.

பங்குனியில் மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாயை விட்டு, உள்ளிருந்தே அந்தத் தசையை வெட்டித் தளர்த்தினார்கள். வெளியே ஒரு தையல்கூட இல்லை. மறுநாள் மீண்டும் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மடக்கு. அது நிற்காமல் போனது. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுதேன்.

இப்போதும் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை உண்டு. மென்று, மெதுவாகச் சாப்பிடுகிறேன். உண்டதும் படுப்பதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் சாமியை நினைக்கிறேன்.

அன்பானவர்களே, சாமி கைவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். போய்க் கேளுங்கள். ஆனால் பயத்தில் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். வழி கேளுங்கள், அது காட்டும்.

அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் முதல் கவளத்தை வாயில் வைத்தேன். இறங்கியது. "என்னுங் மாப்ளே, கழுத்த நீட்டலியா?" என்ற மாணிக்கத்தின் குரல் உடைந்தது. வீட்டுக்கு வந்ததும், யாரும் தொடாமல் கிடந்த முந்தைய ஆண்டு மூட்டையை முதல்முறையாகப் பிரித்தோம். செல்வி அதில் கஞ்சி காய்ச்சினாள். ஆறும்வரை காத்திருந்து, அப்பா படத்தின் முன் வைத்தேன்.