மணற்காட்டில் தின்ற வடை

இன்று காலை ஒரு மாணவி கடவுச்சீட்டைப் பிரதி எடுக்க வந்தாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட எனக்கொரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. கடவுச்சீட்டைக் கொண்டுவந்தால் எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று நான் கேட்பதேயில்லை, கை பழகிவிட்டது. அவள் ஒரு பையை மெசின் மேல் வைத்தாள். சூட்டில் எண்ணெயும் பெருஞ்சீரகமும் மணத்தன. திறந்து பார்க்கத் தேவையில்லை, பருத்தித்துறை வடை. மெல்லிசாக, மொறுமொறுவென்று, எத்தனை நாள் வைத்தாலும் பழுதாகாது.

அந்த மணம் வந்தால் அன்ரனும் வருவான். குருநகர்க்காரன், என்னோடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். பெற்றோல் வரிசைகள் ஒழிந்த அடுத்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்குவதாக இருந்தோம். வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளில் கூடாரம் அடித்து, கொழும்பிலிருந்து வரும் இளசுகளைத் தங்கவைப்பது. யாழ்ப்பாணத்தில் ஏது பாலைவனம் என்று சிரிப்பீர்கள். ஒருநாள் மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் மணற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள், பிறகு கதைப்போம். நான் அந்த எண்ணத்தை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

இடம் பார்க்கப் புறப்பட்டோம். அத்தானின் பழைய மோட்டார் சைக்கிள், பின்னுக்கு அன்ரன், அவன் முதுகில் கூடாரம்.

"அவசரமில்லை மச்சான். போற வழியிலை பெடியளையும் பாத்துப் பாத்துப் போவம்" என்றான்.

எனக்கும் அது பிடித்திருந்தது. முதலில் பருத்தித்துறையில் சிவா வீடு. அவனும் கூடப் படித்தவன்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது சிவாவின் அம்மா ஒரு பை வடையை அன்ரனின் கையில் கொடுத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "கவனமாப் போ ராசா" என்றார். கண் கலங்கியிருந்தது. என் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இடம் பார்ப்பது லேசில்லை. நிழல் இருக்கும், நல்ல தண்ணீர் இருக்கும், ஆனால் பக்கத்தில் சுனாமியில் போனவர்களின் கல்லறைகள். இன்னோர் இடத்தில் கடல் கண்ணாடியாய்க் கிடக்கும், ஆனால் இராணுவக் காவலரணிலிருந்து ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மணலில் புதைந்த பழைய தேவாலயத்தின் பக்கம் அருமையான இடம், ஆனால் அங்கே படுக்க அன்ரனுக்கு மனமில்லை. நான் கொப்பியில் ஒவ்வோர் இடத்தையும் எழுதி 'ஆனால்' என்றும் எழுதிக்கொண்டே வந்தேன். எனக்கு அதிலெல்லாம் துக்கம் வரவில்லை. இங்கே வளர்ந்தவர்களுக்கு அது வழக்கமான விசயம்.

ஒரு மேட்டில் சவுக்கு நிழலில் இருந்தோம். பசி. நான் வடைப் பையை அவிழ்த்தேன். அன்ரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான். வடை மெல்லும் சத்தத்தைத் தவிர அந்த மணலில் வேறு சத்தமில்லை. பாதிப் பை காலியான பிறகுதான் அவனைக் கேட்டேன்.

"நீ தின்னேல்லையோ?"

"நீ தின் மச்சான்."

முழுவதையும் தின்றேன். பையை உதறி, தூளையும் தின்றேன். மானமில்லாத வயிறு.

பின்னேரம் நாகர்கோவிலில், எங்களோடு படித்த ஜெகன் வீடு. எங்கள் கரையிலும் ஒரு நாகர்கோவில் இருக்கிறது. ஜெகன் மூன்று பொலித்தீன் சுற்றிய கருவாட்டுப் பொதியைக் கொண்டுவந்து அன்ரனிடம் கொடுத்தான். மேலே பேனையால் ஒரு பெயர், கீழே ரொறன்ரோ, கனடா.

"வாற வியாழன் தானே பயணம்? தங்கச்சி எயார்போட்டுக்கு வந்து வாங்குவாள்" என்றான்.

நான் அன்ரனைப் பார்த்தேன். அவன் பொதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிநாடு போகிறவர்கள் வீடு வீடாகப் பயணம் சொல்லப் போவதும், அங்குள்ள சொந்தங்களுக்கென்று வீட்டுக்காரர் பொதி கொடுத்துவிடுவதும் எங்களுக்குப் புதிதில்லை. நானே எத்தனை பேருக்குப் பொதி கட்டியிருக்கிறேன். அவன் பயணம் சொல்லப் போன வீடுகளுக்கெல்லாம் நான்தான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

வாசலுக்கு வந்ததும், "எல்லாருக்கும் சொல்லிப்போட்டு, கடைசியா உனக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்" என்றான்.

"ஏன் கடைசியா?"

"உனக்குச் சொல்லுறதுதான் கஷ்டம்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. முன் சில்லில் காற்றுக் குறைந்திருந்ததுதான் கண்ணில் பட்டது. குனிந்து அதை அமத்திப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அப்ப அந்த வடை?"

"சிவான்ரை தமையனுக்கு."

"ஏனடா சொல்லேல்லை?"

"நீ பசியிலை இருந்தனி."

திரும்பும் வழியில் ஓரிடம் கண்டோம். சவுக்கு நிழல், நல்ல தண்ணீர்க் கிணறு, ஆளரவமில்லாத கடல். ஒரு 'ஆனால்'கூட இல்லை.

"நல்ல இடம்" என்றான்.

"ஓம்" என்றேன். வண்டியை நிறுத்தவில்லை.

போன புதிதில் அன்ரன் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தான். இப்போது நத்தாருக்கும் பொங்கலுக்கும் படம் அனுப்புகிறான், நானும் அனுப்புகிறேன். சிவாவின் அம்மாவை மூத்தவன் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டான். அந்த வீட்டில் பூட்டுத்தான். ஜெகனும் பிரான்சுக்குப் போய்விட்டான். நாங்கள் வடை தின்ற மேட்டை டிப்பர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. இப்போது அது யாரோ ஒருவரின் வீட்டுச் சுவராக நிற்கும். அந்தப் பாதையில் போய் நான் தேத்தண்ணி கேட்க ஒரு வாசல் இல்லை. கூடாரம் கடைக்குப் பின்னால் கடுதாசிப் பெட்டிகளை மூடிக் கிடக்கிறது.

மாணவி பையை என் பக்கம் நீட்டினாள். "எடுங்கோ அண்ணா, ஒண்டு சாப்பிடுங்கோ."

"ஆருக்குக் கொண்டு போறது?"

"எனக்குத்தான். அங்கை இருந்து தின்ன."

"அப்ப வேண்டாம், கட்டி வையும். எல்லாருக்கும் பயணம் சொல்லிப்போட்டீரோ?"

அவள் பையின் வாயை முடிந்தாள். "இன்னும் ஒராள் இருக்கு அண்ணா. கடைசியாச் சொல்லுவம் எண்டு..."

மெசின் கடைசிப் பக்கத்தைத் துப்பியது. சூடாக இருந்தது. அதை எடுத்து மற்றவற்றோடு வைத்துக் கொடுத்தேன்.

"இண்டைக்கே போய்ச் சொல்லும் பிள்ளை" என்றேன்.