வியன்னா மாநாடும் மூன்று செம்புகளும்

ஐரோப்பாவின் ஐந்து வல்லரசுகளும் வியன்னாவில் கூடி, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே வரைபடத்தைப் பங்கு போட்ட கதையை எங்கள் வகுப்பில் படிப்பித்த அதே கிழமைதான் என் தங்கச்சி பெரியபிள்ளையானாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. சுவிசில், சோலோதுர்ன் நகரில், ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தோம். இரண்டில் எது பெரிய செய்தி என்று கேட்டிருந்தால் நான் வியன்னா என்றுதான் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை, நல்ல காலம்.

அந்த வருடம் எனக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்திருந்தது. அரசனின் தலையை வெட்டிய புரட்சி, அந்தப் புரட்சியின் தோளில் ஏறிவந்து தன் தலையில் தானே மகுடத்தை வைத்துக்கொண்ட சக்கரவர்த்தி, தீவில் கொண்டுபோய் விட்டும் திரும்பி வந்து நின்ற அவருடைய துணிச்சல்! புரட்சிப் படை எங்கள் சோலோதுர்னுக்குள்ளும் வந்ததாம். நான் பாண் வாங்கப் பேக்கரிக்குப் போகும் தெருவில் பிரெஞ்சுக் குதிரைகள் நின்றிருக்குமோ என்று யோசித்து யோசித்து, இரண்டு முறை பாணை மறந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு மூன்று அண்ணன்மார். மூத்தவர் பெரிய மாமா, வன்னியில் இருந்தவர். அவரை நான் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். 2009இல் சண்டை முடிந்ததிலிருந்து அவரிடமிருந்து போன் இல்லை. முகாம் முகாமாகத் தேடியும் தகவல் இல்லை என்று பெரியவர்கள் கதைத்தது காதில் விழுந்தது. பிறகு கதைப்பதையும் விட்டுவிட்டார்கள். மற்ற இருவரும் சுவிசில். நடு மாமா பாசலில் ஒரு கன்டீனில் வேலை, கடைசி மாமா திரிம்பாக்கில், தபால் பொதி பிரிக்கும் வேலை. ஊரின் பெயராலேயே பாசல் மாமா, திரிம்பாக் மாமா என்று கூப்பிடுவோம்.

எங்கள் ஆட்களில், வயதுக்கு வந்து பெரியபிள்ளையானவளுக்குத் தாய்மாமன்தான் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். மாமன்மார் பலர் என்றால் மூத்தவருக்கு முதல் உரிமை. எனக்கு இந்தச் சடங்கு நடக்கவில்லை. நான் பெரியபிள்ளையானது அந்த 2009இல். ஒருவருக்கும் மனமில்லாமல் அம்மாவே குளியலறையில் தண்ணீர் வார்த்துவிட்டார். அதனால் தங்கச்சிக்கு இரண்டு பங்காகச் செய்ய வேண்டும் என்று மண்டபம் எடுத்து, சேலை எடுத்து, இருநூறு பேருக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. அப்போதுதான் பாசல் மாமா போனில் சொன்னார்: “இப்ப நான்தானே மூத்தவன். முதல் தண்ணி நான் வாக்கிறன்.”

பத்து நிமிடத்தில் திரிம்பாக் மாமா எடுத்தார். “அவர் முதல் வாக்கிறதெண்டால் நான் அந்தப் பக்கமே வரமாட்டன். சொல்லிப் போடு.”

அம்மா போனை வைத்துவிட்டு வெங்காயத்தை வெட்டினார். வெட்டி முடித்த பிறகும் அழுதுகொண்டிருந்தார். “ரெண்டு பேரிலை ஒராள் வராட்டிலும் எனக்கு இந்தச் சடங்கு வேண்டாம். மண்டபத்தை விடுங்கோ” என்றார். தங்கச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவோ, சுவிஸ் குடியுரிமை எடுத்த கையோடு நடுநிலைமையையும் சேர்த்து எடுத்துக்கொண்ட மனிதர். “அது உங்கடை சகோதரப் பிரச்சினை. நான் ஏன் வாய் வைப்பான்?” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கப் போனார்.

அடுத்த நாள் வகுப்பில் கையை உயர்த்தினேன். இவ்வளவு பெரிய அரசர்களும் மந்திரிகளும் முதலில் யார் கையெழுத்து வைப்பது என்று ஏன் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சண்டை பிடித்தார்கள்? ரீச்சர் சிரித்தார். முதல் இடத்தில் நிற்பவரை ஒத்துக்கொண்டால், அவர் சொல்லும் நிலவரம் முழுவதையும் ஒத்துக்கொண்டது மாதிரி என்றார். கடைசியில் பிரெஞ்சு அகரவரிசைப்படி கையெழுத்து வைத்தார்களாம். எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. போலந்தை மூன்று பக்கத்திலிருந்தும் பிய்த்து எடுத்தார்களே, அதன் சார்பில் கையெழுத்து வைத்தது யார்? “இல்லாமல் போனவர்களுக்கு மாநாட்டில் இருக்கக் கதிரை போடுவதில்லை” என்றார் ரீச்சர். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அன்று பின்னேரமே சதுரக் கோடு போட்ட தாளில் ஒப்பந்தம் எழுதத் தொடங்கினேன். அகரவரிசை சரிவரவில்லை. ஜெர்மனில் பாசல் முந்துகிறது, தமிழில் திரிம்பாக் முந்துகிறது. ஆகவே முதலாம் பிரிவு: இரண்டு செம்பு, இரண்டு மாமா, ஒரே நேரத்தில் வார்ப்பது. இரண்டாம் பிரிவு: ஒருவர் வலப்பக்கக் கதவாலும் மற்றவர் இடப்பக்கக் கதவாலும் வருவது. மூன்றாம் பிரிவு: புகைப்படக்காரர் நேர் நடுவில் நிற்பது. என் கெட்டித்தனத்தில் எனக்கே மயிர் கூச்செறிந்தது.

பாசல் மாமா போனில் விழுந்து விழுந்து சிரித்தார். “உனக்கென்ன விசரே, பிள்ளை?” என்றவர், “சரி, அவன் ஓமெண்டால் நானும் ஓம்” என்றார். புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. ரயிலேறி ஓல்ட்டனில் இறங்கி, பஸ் பிடித்துத் திரிம்பாக்குக்குப் போனேன்.

மாமாவின் மேசையில் கோயில் அருச்சனைத் தட்டு இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி பெரிய மாமாவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்விப்பார் என்று எனக்குத் தெரியும். என் ஒப்பந்தத்தை அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரில் மரியாதை கூடியது.

“ரெண்டு செம்பு எண்டெல்லோ எழுதியிருக்கிறாய்?”

“ஓம் மாமா. ரெண்டு மாமா, ரெண்டு செம்பு.”

தாளை மடித்தார், விரித்தார். எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். எனக்கு முன்னால் கோப்பையை வைத்துவிட்டு, “மூண்டு எண்டு எழுது. முதல் செம்பிலை ஒருத்தரும் கை வைக்கிறேல்லை. அப்பிடியெண்டால் நான் வாறன்” என்றார்.

அடேயப்பா, என்ன பேரம் என்று நினைத்தேன்! தனக்குக் கிடைக்காத முதலிடம் அண்ணனுக்கும் கிடைக்கக்கூடாது. அதற்காக ஒரு செம்பையே வெறும் காவலுக்கு நிறுத்துகிறார். வியன்னாவில் இவர் இருந்திருந்தால் ரஷ்யச் சக்கரவர்த்தியே திணறியிருப்பார். பஸ் தரிப்பிடத்தில் நின்று பாசல் மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் “ஹலோ” சொன்னேன்.

“சரி பிள்ளை” என்றார் கடைசியில். “மூண்டு.”

சடங்கு நாளில் மண்டபத்தின் பின்பக்கம், குழந்தைகளுக்கான காற்றடைத்த நீச்சல் தொட்டிக்குள் பலகை வைத்துத் தங்கச்சியை இருத்தினார்கள். நிலம் நனைந்துவிடும் என்று மண்டபப் பொறுப்பாளரான சுவிஸ்காரர் துடைப்பத்தோடு காவல் நின்றார். மூன்று செம்பும் மஞ்சள் தண்ணீரோடு வரிசையாக. முதலாவதை அம்மா ஒரு பூவும் வைத்துச் சற்றுத் தள்ளி வைத்தார். மாமாமார் வலமும் இடமுமாக வந்தார்கள், பாலறுகு வைத்தார்கள், ஒரே நேரத்தில் வார்த்தார்கள். தங்கச்சி குளிரில் கீச்சிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பாசல் மாமா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கோ பெருமை தாங்கவில்லை. இந்தக் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு.

பின்னேரம் பொறுப்பாளர் மணிக்கூட்டைக் காட்டிக் கெதிப்படுத்தினார். நான் தட்டங்களை அடுக்கினேன், தொட்டியின் காற்றைத் திறந்துவிட்டேன். மூலையில் அந்த முதல் செம்பு அப்படியே நிறைய இருந்தது. யாரோ ஊற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்து வெளியே கொண்டுபோய் மரத்தடியில் கவிழ்த்து ஊற்றினேன். திரும்பியபோது திரிம்பாக் மாமா வாசலில் நின்றார்.

“அந்தச் செம்பு எங்கை, பிள்ளை?”

“ஊத்திட்டன் மாமா. அந்த ஆள் கெதியாத் துப்புரவாக்கச் சொன்னவர்.”

“முழுக்கவோ?”

“ஓம்.”

அவர் என் கையிலிருந்து செம்பை வாங்கி உள்ளே பார்த்தார். படியில் குந்தினார். அப்படி ஒரு பெரிய மனிதர் திடீரென்று குந்தியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாசல் மாமா வெளியே வந்தார். “அண்ணை, பிள்ளை ஊத்திப்போட்டாள்” என்றார் திரிம்பாக் மாமா. பாசல் மாமா தம்பிக்குப் பக்கத்தில், அந்தக் குறுகிய படியிலேயே நெருக்கி இருந்து தோளில் கையைப் போட்டார்.

திரிம்பாக் மாமா தனக்காக முதலிடம் கேட்டதே இல்லை என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்துத்தான். நடுவிலானவர் முதல் தண்ணீர் வார்த்தால் மூத்தவர் இல்லை என்றாகிவிடும். அதை ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், மற்றவரால் முடியவில்லை. இருவராலும் அந்தச் சொல்லைச் சொல்லவும் முடியவில்லை. அந்தச் செம்பு, வரக்கூடிய ஒருவருக்காக நிறைத்து வைத்தது. திரிம்பாக் மாமா அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டு வந்திருக்கிறார்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இருவரும் ஒரே படியில் இருந்ததைக் கண்டு, மாநாடு வெற்றி என்று துள்ளிக்கொண்டு காரில் ஏறினேன். ஒப்பந்தத் தாளை எடுத்து, அடியில், ‘மூன்று செம்பும் வெறுமை. இரு தரப்பும் சமாதானம்’ என்று எழுதினேன். தேதி போட்டேன். கீழே என் கையெழுத்தையும் வைத்தேன்.