கமிட்டிக்காரரின் மூன்று நிமிடம்

பல் செட்டு செய்கிற அவருக்கு ஊரில் பாதிப் பேரின் வாய் தெரியும், ஒருவரின் முகமும் தெரியாது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற, வாய் வடிவ மாவுக்கட்டு அச்சுகள்தான் அவரிடம் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். மாடியில் ஓர் அறை, ஒரு நீள மேஜை, மெழுகு உருக்கச் சின்ன அடுப்பு, செட்டை ராவி மெருகேற்ற ஒரு மோட்டார். காலையில் டெலிவரிக்காரர் பெட்டியை வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார். அதற்கப்புறம் அந்த அறையில் மனிதக் குரல் என்றால் அது டிவியில் பேசுகிற நாடாளுமன்றக் குழுக்களின் குரல்தான்.

சினிமா, சீரியல், கிரிக்கெட் எதுவும் வேண்டாம் அவருக்கு. ஆளில்லாத சேனலாகப் பார்த்துப் பிடித்து வைத்திருந்தார். குடிநீர்க் குழு, போக்குவரத்துக் குழு, முதியோர் நலக் கொள்கைக் குழு என்று எவர் கூடினாலும் இவரும் கூடிவிடுவார். எந்த எம்.பி. கூட்டத்தில் தூங்குவார், எவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு முன்னால் எழுந்து போவார் என்பதெல்லாம் அத்துப்படி. தெருவே அவரைக் ‘கமிட்டி’ என்றுதான் கூப்பிட்டது.

“என்ன கமிட்டி, இன்னிக்கு யாரைக் கிழிச்சாங்க?” என்று கீழே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் விளையாட்டாகக் கேட்பார். இவர் விளையாட்டாகப் பதில் சொல்லத் தெரியாதவர். அரை மணி நேரம் விளக்குவார். கடைக்காரர் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டதாகப் பாவனை செய்து தப்பிப்பார்.

“ஓட்டுப் போட்டதோட வேலை முடிஞ்சுதா? பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு எட்டிக்கூடப் பார்க்காம இருப்போமா?” என்பது கமிட்டியின் வழக்கமான முடிவுரை.

பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்த மகள் வீட்டை அவர் எட்டிப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது மகள் ஒருத்திதான். சின்ன வயதில் அவள்தான் வீட்டின் சபாநாயகர். சாப்பாட்டு மேஜையில் அப்பா ‘மாண்புமிகு சபாநாயகர் அவர்களே’ என்று எழுந்து உப்பு குறைவு என்று கண்டனத் தீர்மானம் கொண்டுவருவார். அம்மா ஆளுங்கட்சி. மகள் கரண்டியால் டம்ளரைத் தட்டி, “உறுப்பினர் உட்காரவும்” என்பாள். மனசு வந்தால், “உறுப்பினர் தொடரலாம்” என்பாள். மூன்று பேரும் சிரித்துப் புரையேறிய வீடு அது.

போன தேர்தல் முடிவு வந்த அன்று மகள் வீட்டில் இருந்தார். மருமகன் ஓட்டே போடவில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. போச்சு. மருமகனின் அலுவலக நண்பர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்க, அவர் பொறுப்பில்லாத குடிமகன் என்று இவர் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். மருமகனின் முகம் சுருங்கிப்போனது.

“அப்பா, போதும். உட்காருங்க” என்றாள் மகள்.

குரலில் விளையாட்டு இல்லை. இவர் உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. ரோஷம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அச்சில் வார்த்தது.

இப்படி இருக்கையில்தான் முதியோர் நலக் குழு பொதுமக்களின் கருத்துக் கேட்க இவர் ஊருக்கே வந்தது. புதிய காப்பீட்டு வரைவில் பல் செட்டை ‘அழகுச் சிகிச்சை’ என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கமிட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெயர் கொடுத்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். மேஜையில் மாவு வாய்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் முன்னால் பேசிப் பழகினார். ஒன்றுகூடக் குறுக்கே பேசவில்லை. டிவியில் நேரடியாக வருமே, மகள் பார்ப்பாளே என்ற ஆசைதான் உள்ளே பெரிதாக இருந்தது. ‘புதன்கிழமை டிவியில் வருகிறேன்’ என்று செல்போனில் அடித்தார். அடித்ததை அழித்தார்.

புதன்கிழமை மைக் முன்னால் நின்றபோது குழுத் தலைவி எதிரே உட்கார்ந்திருந்தார். பல வருடமாக அந்த அம்மாவின் குரலைத்தான் அவர் கேட்டு வந்திருக்கிறார். வீட்டு மனுஷி மாதிரி ஆகிவிட்ட குரல். சில மாதமாக அதில் ஒரு விசில் சத்தம் சேர்ந்திருந்தது. அது ஏன் என்று அவருக்குத் தெரியும். தன் அறையில் மோட்டாரை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

“சொல்லுங்க ஐயா” என்றார் தலைவி. விசில் கேட்டது.

டிவியிடம் சொல்கிற பழக்கத்திலேயே வாய் திறந்துவிட்டது. “அம்மா, உங்க கீழ் செட்டு லூசா இருக்கு. அப்படியே விட்டா ஈறு புண்ணாயிடும்.”

மண்டபம் ஒரு கணம் திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. தூங்குகிற எம்.பி.கூட விழித்துக்கொண்டார். தலைவி வாயைக் கையால் மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, “தெரியும் ஐயா. நேரம்தான் இல்லை. நீங்க உங்க கருத்தைச் சொல்லுங்க” என்றார் மரியாதையாகவே.

கருத்து எங்கே இருந்தது? மூளை துடைத்துவிட்டது போலக் கிடந்தது. கைகூப்பினார். மணி அடித்தது. “அடுத்தவர்” என்றார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி எல்லார் போனிலும் வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் இவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்க உள்ளே போனார். கமிட்டி மாடிக்கு வந்து கதவைச் சாத்தினார். முதல்முறையாக டிவியைப் போடவில்லை. இத்தனை வருடம் பார்த்ததெல்லாம் அந்தக் குழுக்காரர்களுக்கு இவர் யாரென்றே தெரியாத உறவு. அழுகை வந்தது, அழுதார்.

போன் அடித்தது. மகள்.

“என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? இவர் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. ஒரு பொம்பளையைப் போய் அத்தனை பேர் முன்னாடி...”

திட்டினாள். எங்கே நிறுத்திவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் மூச்சு வாங்கி, “ஆமா, என்ன சொல்லத்தான் போனீங்க?” என்றாள்.

“பல்லு அழகுக்கு இல்லம்மா” என்று தொடங்கினார். இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. பல் இல்லாதவர்கள் விருந்துக்குப் போவதை நிறுத்திவிடுவது, சிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, பேச வெட்கப்பட்டுப் பேச்சையே விட்டுவிடுவது. “வாயை மூடிக்கிட்டு ஒரு ரூம்ல தனியா உக்காந்திருக்கிறது என்னன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்மா...”

மறுமுனையில் சத்தமே இல்லை. போனைப் பார்த்தார். இணைப்பு எப்போதோ போயிருந்தது. எதுவரை கேட்டாள், சலித்துப்போய் வைத்துவிட்டாளா, தெரியவில்லை. போனை மாவு வாய்களுக்கு நடுவில் வைத்தார். அவையும் திறந்தபடியே கிடந்தன.

மறுபடியும் அடித்தது.

“லைன் கட்டாயிடுச்சுப்பா. பல்லு அழகுக்கு இல்லன்னீங்களே, அதுக்கப்புறம் எதுவும் கேக்கல.”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றார்.

அந்தப் பக்கம் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கரண்டியால் டம்ளரைத் தட்டுகிற ஒலி, இரண்டு தடவை.

“உறுப்பினர் தொடரலாம்” என்றாள்.