கறுப்பு விட்டிலும் மாமாவின் டப்பாவும்

எட்டு வயதில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதிலும் மாமாவை நம்புவது சுத்த முட்டாள்தனம் என்று முடிவு கட்டியிருந்தேன். அம்மாவின் தம்பி, அரக்கோணம் ஷெட்டில் எஞ்சின் துடைக்கும் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தார்.

நாங்கள் குடிவந்தபோது கொல்லைச் சுவர் சுண்ணாம்பு வெள்ளை. பகலெல்லாம் அதில் வெளிறிய விட்டில் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு தூங்கும். எஞ்சின் புகை அடித்து அடித்து நாலைந்து வருஷத்தில் சுவர் அடுப்படி மாதிரி ஆகிவிட்டது. அது நியாயம். ஆனால் விட்டில்களும் கறுத்துப் போயிருந்தனவே, அதற்கு என்ன நியாயம்?

கறுப்பு ஒட்டுவாரொட்டி என்று முதலில் நினைத்தேன். சுவர், பூச்சி, அடுத்தது நான். தேங்காய் நாரால் தேய்த்து முழங்கையை ரணமாக்கிக்கொண்டேன். அப்புறம்தான் மாமாவின் டிரங்குப் பெட்டியில் கறுப்பு மை டப்பா ஒன்று கண்ணில் பட்டது. எட்டிப் பார்த்தால் படாரென்று மூடினார். "நாளைக்கு உன் மூக்குக்கும் கறுப்புதான்டா" என்று சிரிப்பு வேறு.

மறுநாள் குழாயடியில் நின்று ஊருக்கே அறிவித்தேன்: "எங்க மாமா பெயிண்ட் கொண்டாந்து பூச்சிக்கு அடிக்கிறாரு!"

கேட்டவர்களில் ஷெட் மேஸ்திரியும் ஒருவர். ஷெட்டில் கறுப்பு பெயிண்ட் காணாமல் போய்க்கொண்டிருந்த நேரம். நேராக வீட்டுக்கு வந்தார், பெட்டியைத் திறக்கச் சொன்னார், டப்பாவைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார். "மீசைக்குப் பூசற மை, மேஸ்திரி. ஆம்பூர்ல பொண்ணு பார்க்கப் போறோம். நரை ஜாஸ்தியாய்டுச்சு."

"அப்ப பூச்சிக்கு இன்னாத்த அடிச்ச? பெயிண்டா இருந்தா மண்ணெண்ணெய்ல வுட்டுடும், பார்த்துடலாம்."

கொல்லையிலேயே பரீட்சை நடந்தது. நான் பிடித்துக் கொடுத்த விட்டிலை மேஸ்திரி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் முக்கினார். எண்ணெய் தெளிவாகவே இருந்தது. பூச்சி கறுப்பாகவே செத்தது. அடுத்து மண்ணெண்ணெய்த் துணி மாமாவின் மேலுதட்டுக்குப் போனது. பாதி மீசையின் கறுப்பு துணியோடு வந்து, நரை வெளியே தெரிந்தது.

மேஸ்திரி டப்பாவை மோந்து பார்த்தார், பெயிண்ட் வாடையே இல்லை. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "காலைல டியூட்டிக்கு வந்துடு. மீசைய இன்னா பண்ணுவியோ பண்ணு."

எல்லோரும் கிண்ணத்தைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை, சுவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரிச்சுவரில் வெள்ளை விட்டில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல் பளிச்சென்று தெரிந்தது. ஒரு மைனா வந்து நேராக அதைக் கொத்திக்கொண்டது. ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்த இரண்டு கறுப்பும் அதன் கண்ணில் படவேயில்லை. அலகைச் சுவரில் தீட்டிக்கொண்டு சாவகாசமாகப் பறந்து போனது.

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், அந்த மைனாவை மட்டும் சந்தேகப்படவில்லை. திரும்பி, மாமாவின் மிச்சக் கறுப்பு மீசையை முறைக்க ஆரம்பித்தேன்.